சனிக்கிழமை ஆட்டம்: உங்கள் குணத்தைப் பகடையோடு சேருங்கள்

வணக்கம் நண்பர்களே. சனிக்கிழமையும் ஃபேட் கோர் விதிகள்தான் (ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து ஆடும் ஆட்டத்தின் விதிகள்). போன வாரம் பலரும் குணத்தை, அதாவது உங்கள் பாத்திரம் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் சிறு வரியை, தாளில் எழுதியதோடு மறந்துவிட்டீர்கள். அதற்காகவே இந்தக் குறிப்பு.

ஃபேட் பகடையில் இரண்டு முகம் +1, இரண்டு -1, இரண்டு வெற்று; ஆகவே நான்கு பகடைகளின் கூட்டுத்தொகையின் சராசரி பூஜ்யம். அந்தத் தொகையோடு திறன் எண்ணைக் கூட்டுவோம்; திறன் 2 உள்ளவர் இலக்கான 4-ஐ எட்டுவதற்கு 81-இல் 15 வாய்ப்புதான். சரி, உங்கள் தாளில் ‘வாக்குத் தவறாத படகோட்டி’ என்று இருக்கிறது, கரையில் ஒருவரிடம் வருவதாகச் சொல்லிவிட்டுப் புயலில் துடுப்புப் போடுகிறீர்கள். குணம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரு ஃபேட் புள்ளி கொடுத்தால் +2. வாய்ப்பு 81-இல் 50 ஆகும். பகடை விழுந்த பிறகு முடிவெடுத்தால் போதும். -3 அல்லது -4 விழுந்தால் +2-க்குப் பதிலாக நான்கையும் மறுபடி உருட்டுங்கள்.

ஆளுக்கு 3 புள்ளிகளோடு தொடங்குகிறோம். அப்புறம், அதே வாக்கு உங்களை வம்பில் மாட்டிவிடும்போது ஒப்புக்கொண்டால் ஒரு புள்ளி கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. மறுத்தால் ஒரு புள்ளி போகும்.

‘நல்லவன்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள், அதில் வம்பே வராது. திருத்திய குணங்களை வெள்ளி இரவுக்குள் இங்கே போடுங்கள்.