காரோட்டுக்கு இந்தப் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்தங்கிய பகுதிகளுக்குக் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும் என்று தங்கள் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஒதுக்கட்டும், நல்லது. ஒதுக்கிய பணம் எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பது யார்? அதைத் தலையங்கம் கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

நான் தோவாளையில் பூ வியாபாரம் செய்பவள். மாமனார் வைத்த கடை. 22 ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளில் எல்லாம் படம் வந்தது. ஆனால் என் அடுப்பு எரிவது மாலையால் அல்ல, திருவனந்தபுரத்துக்குப் போகும் உதிரிப்பூவால். தூரம் சுமார் 80 கிலோமீட்டர். விடியுமுன் போய்ச் சேர்ந்த பிச்சிப்பூவுக்கு ஒரு விலை. எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் வேறு விலை. பத்து மணி ஆகிவிட்டால் வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

கடந்த ஓணத்தின்போது, வாசலில் பூக்கோலம் தொடங்குகிற அத்தம் பிறந்த மூன்றாம் நாள், 30 சாக்குக் கேந்தியும் வாடாமல்லியும் ஏற்றி அனுப்பினேன். சாமியார்மடம் அருகே பாறைப்பொடி ஏற்றி வந்த லாரி ஒன்று அச்சு முறிந்து நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டது. அங்கே சாலையின் அகலம் எவ்வளவு என்று குமரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அக்கா, முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை" என்று டிரைவர் போனில் சொன்னபோது மணி நாலரை. திருவனந்தபுரத்தில் 'சாலை' என்கிற இடத்துச் சந்தைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது அத்தப்பூ போடுகிற வீடுகளில் எல்லாம் பூ வாங்கி முடித்திருந்தார்கள். பாதி விலைக்கும் கீழே தள்ளிவிட்டு வந்தார். லாரிக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அச்சு யாருக்கும் முறியும். ஒரு லாரி நின்றால் ஒரு மாவட்டமே நிற்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அதே டிரைவர், கேரள எல்லையில் இருக்கிற காரோட்டில் புறவழிச்சாலை ஏறிவிட்டால் திருவனந்தபுரம் ஈஞ்சக்கல் வரை பிரேக்கில் கால் வைக்க வேண்டாம் என்பார். காரோட்டிலிருந்து கழக்கூட்டம் வரை 43 கிலோமீட்டர் நாற்கரச் சாலையைக் கேரளத்தில் முடித்துவிட்டார்கள். காரோட்டுக்கு இந்தப் பக்கமும் அதே 66-ம் எண் தேசிய நெடுஞ்சாலைதான், பணம் கொடுப்பதும் அதே மத்திய அரசுதான். இந்தப் பக்கத்து நாற்கரச் சாலை மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து குமரி வரை காங்கிரீட் சாலை போட்டதைப் பற்றி என் மாமனார் பெருமையாகப் பேசுவார். இன்று என் வண்டி ஓடுவது ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான்.

பணம் ஒதுக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஒதுக்கினார்கள். ஆனால் சாலைக்குக் கோடு போட்டபோது குளங்கள் மேலேயே போட்டார்கள். குளத்தை மூடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், வழக்கு வந்தது, குளங்கள் மேல் பாலம் கட்டுவதாகத் திட்டத்தை மாற்றினார்கள். அப்புறம் சாலையை உயர்த்த மண் கிடைக்கவில்லை என்று வேலை நின்றது. குளத்துக்காகப் போராடியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குளம் போனால் எங்கள் பிச்சித் தோட்டமும் போய்விடும். கோடு போட்டவர் ஒரு முறை வந்து நடந்து பார்த்திருக்கலாம் அல்லவா? வரைபடத்தில்கூடக் குளத்துக்கு நீல நிறம்தானே அடிக்கிறார்கள்.

ரயில் கதையும் இதுதான். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். முதல் ரயில் 1979-ல் வந்தது, அதுவும் திருவனந்தபுரத்திலிருந்து. திருநெல்வேலியோடு பாதை இணைந்தது 1981-ல்.

இதைச் சொன்னால், "உங்கள் மாவட்டம் முன்னேறிய மாவட்டம் ஆயிற்றே" என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்தில் முதலிடம். பின்தங்கிய மாவட்டங்களுக்காக மத்திய அரசு 2018-ல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் சேர்ந்தன. சரியான தேர்வு, எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் எங்களை முன்னுக்குக் கொண்டுவந்தவை பள்ளிக்கூடங்கள். அவற்றில் படித்து முடித்த பிள்ளைகள் வெளிநாட்டுக்கும் வெளியூருக்கும் போய்விடுகிறார்கள். இங்கே தங்குகிற எங்களுக்குத்தான் சாலை வேண்டும்.

என் மகள் நாகர்கோவிலில் பொருளாதாரம் படிக்கிறாள். கர்நாடகத்தில் நஞ்சுண்டப்பா என்கிற பொருளாதார அறிஞர் தலைமையில் ஒரு குழு அமைத்து, தாலுகா தாலுகாவாக அளந்து, 2002-ல் அறிக்கை கொடுத்ததாக அவள் சொன்னாள். 175 தாலுகாக்களில் 114 பின்தங்கியவை என்று பட்டியலே போட்டுவிட்டார்களாம். மாவட்டத்தை அளந்தால் பணக்கார ஊரும் ஏழை ஊரும் ஒன்றாகக் கலந்து சராசரி ஆகிவிடும், தாலுகாவை அளந்தால்தான் தெரியும் என்றாள். உண்மைதான். நாகர்கோவிலையும் பேச்சிப்பாறை மலையில் இருக்கிற காணிப் பழங்குடியினர் குடியிருப்பையும் ஒரே எண்ணில் எப்படி அடக்குவது? மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது 15-வது நிதிக்குழு வருமானத்தில் ஒரு மாநிலம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதற்கு 45 சதவீத மதிப்புக் கொடுத்ததாம். மாநிலத்துக்குள் எந்தச் சாலை முதலில், எந்தப் பாலம் முதலில் என்பதற்கு அப்படி ஏதாவது கணக்கு உண்டா என்று கேட்டேன். சிரித்தாள்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 37 கோடி ரூபாயில் கண்ணாடிப் பாலம் கட்டியிருக்கிறார்கள். நானும் பேரனைக் கூட்டிப்போய் நடந்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குமரிக்கு இவ்வளவு செய்தோம் என்று மேடையில் சொல்லும்போது அந்த 37 கோடியும் எங்கள் கணக்கில்தான் விழுகிறது. அதன் மேல் பூ வண்டி போகாது.

தங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் மாவட்டத்தில் இப்போது ஆறு தாலுகாக்கள். ஒவ்வொன்றிலும் எந்த வேலைக்கு எவ்வளவு அறிவித்தார்கள், எவ்வளவு செலவானது, எத்தனை கிலோமீட்டர் முடிந்தது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கள் நாளிதழில் போடுங்கள். அரசு தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். தினமும் பூ விலை போடுகிறீர்களே, அந்தக் கட்டம் அளவுக்கு இடம் போதும்.

இப்படிக்கு,
பூ வியாபாரி ஒருத்தி,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்.