ஏரிக்குப் படகு வாங்கும் முன்: கொடைக்கானல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானல் ஏரியையும் அதன் படகுத் துறைகளையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏரிக்குப் புதுப் படகு வாங்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஊரில் இரண்டு குரல் கேட்கும். ஸ்பீட் போட் விட்டால் கூட்டம் வரும், ஊட்டிப் பக்கத்துப் பைக்காராவைப் பாருங்கள் என்பார் ஒருவர். இருக்கிற பெடல் போட்டும் துடுப்புப் படகும் போதும் என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை. கயாக் வாங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்; இருபக்கமும் தட்டையான துடுப்பால் உட்கார்ந்து ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு அது. ஆனால் எந்தக் கயாக், கூடவே என்னென்ன வாங்குவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விற்க வருகிறவர் முதலில் காட்டப்போவது பளபளப்பான சாமானை. நமக்கு வேண்டியது பெரும்பாலும் அவருடைய பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடைக்குக் கரை கட்டி உண்டாக்கிய ஏரி இது. முதல் படகை அவர் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார் என்பார்கள். 1890இல் படகுக் குழாம் வந்தது. அப்போதெல்லாம் படகு என்றால் மரம்தான். பலகை விரிந்தால் தச்சரைக் கூப்பிட வேண்டும். பின்னால் உலகமெங்கும் கண்ணாடி இழைப் படகு வந்தது. இலேசானது, ஆனால் பாறையில் மோதினால் விரிசல் விடும். 1970களில் வந்த பாலிஎத்திலீன் கயாக்தான் இந்த விளையாட்டைப் பணக்காரர் கையிலிருந்து இறக்கிவிட்டது. உலோக அச்சில் பிளாஸ்டிக் தூளைப் போட்டுச் சூளையில் சுழற்றிச் சுழற்றி வார்ப்பார்கள். நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வார்க்கிற அதே முறை. ஒட்டு, தையல் எதுவும் இல்லை. சற்று கனம்தான், ஆனால் கல்லில் இடித்தாலும் தாங்கும். அரை நூற்றாண்டு பழைய கண்டுபிடிப்பு. இருந்தும் நம் ஏரிக்கு மிகப் பொருத்தமான 'புதிய' தொழில்நுட்பம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பந்தயக் கயாக் வேறு ஜாதி. ஒற்றை ஆள் படகு 5.2 மீட்டர் நீளம், விதிப்படி 12 கிலோவுக்குக் குறையக் கூடாது. கார்பன் இழையில் செய்கிறார்கள். பழகாதவர் அதில் உட்கார்ந்த நொடியே கவிழ்வார். சுற்றுலா வருகிறவருக்கு அது வேண்டாம். மேலே திறந்திருக்கும், அகலமான, கவிழ்ந்தாலும் நீர் தானாக வடிந்துவிடும் வகை போதும். ஒன்று மட்டும்: வாங்கிய படகை வெயிலில் போட்டுவைக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடும். நாம் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். குளிர்கிறதே என்று நாம் நினைப்போம், பிளாஸ்டிக்கும் லைஃப் ஜாக்கெட் துணியும் நைந்துகொண்டிருக்கும். ஒரு தகரக் கொட்டகை போட்டால் தீர்ந்தது.

இனி மோட்டார். இப்போது லித்தியம் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டாரைக் கயாக்கின் அடியில் பொருத்துகிறார்கள். சத்தமில்லை, புகையில்லை, எண்ணெய் கசியாது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்பார்கள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் ஏரியின் அடியில் என்ன வளர்கிறது என்று உங்களுக்கே தெரியும். பாசியும் நீர்க்களையும் அள்ள எவ்வளவு செலவாகிறது என்பதும் தெரியும். இந்தக் களைகளில் பல, விதையே இல்லாமல், ஒடிந்த துண்டிலிருந்து முளைக்கக்கூடியவை. சுழலும் விசிறி ஒரு கொடியைப் பத்துத் துண்டாக நறுக்கி ஏரி முழுக்க நட்டுவிட்டுப் போகும். பேட்டரியில் சுற்றினாலும் விசிறி விசிறிதான். துடுப்பு களையைத் தள்ளிவிடும், அவ்வளவே. ஆகவே மின் மோட்டார் மீட்புப் படகு ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் இருக்கட்டும். அங்கே அது அருமையான சாமான்: பொத்தானை அழுத்தியதும் கிளம்பும், கவிழ்ந்தவர் கத்துவதும் காதில் விழும்.

அதே களைக் கவலை வெளியூர்ப் படகுகளுக்கும் பொருந்தும். காற்றடைக்கும் கயாக் முன்பு குழந்தை விளையாட்டுப் பொருள் மாதிரி தொளதொளவென்று இருக்கும். இப்போது மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் ஆயிரக்கணக்கான நூலால் உள்ளுக்குள் இணைத்துத் தைக்கிறார்கள். காற்று ஏற ஏறப் பலகை போல விறைக்கிறது. சுருட்டினால் முதுகுப்பையில் அடங்கிவிடும். காரின் டிக்கியில் இருப்பது, மலைக்கு வர எடுக்கும் எந்த இ-பாஸிலும் தெரியாது. நேற்று வேறொரு ஏரியில் மிதந்த படகு இன்று ஈரம் காயாமல் இங்கே இறங்கினால், அங்கிருந்த களையும் கூட இறங்கும். தடை போடச் சொல்லவில்லை. கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகு இறக்கு என்று ஒரு பலகையும், ஒரு தண்ணீர்க் குழாயும், சின்னக் கட்டணமும் வைக்கலாம். அப்படியே பேரிஜம் ஏரிப் பக்கம் எவரும் இதைத் தூக்கிக்கொண்டு போகாதபடி வனத்துறையோடு பேசிவிடுங்கள், அது குடிநீர்.

இப்போது எனக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். லைஃப் ஜாக்கெட். எல்லா ஜாக்கெட்டும் ஒன்றல்ல. மிதக்கவைக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள். கயாக் ஓட்டுகிறவர்கள் விரும்புவது 50 நியூட்டன் வகை. கை வீச வசதி, ஆனால் அது நீந்தத் தெரிந்தவருக்கு என்றே சர்வதேசத் தரம் வகுத்தது. 100 நியூட்டன் வகை அமைதியான நீரில் மல்லாக்கப் புரட்டி, முகத்தை மேலே வைத்திருக்கும்படி அமைத்தது. மலைக்கு வருகிறவரில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? பட்டியலில் '50' அழகாக, மெலிதாக, பல நிறத்தில் இருக்கும். நீங்கள் '100'ஐ வாங்குங்கள், குழந்தை அளவு உட்பட. கால்களுக்கு இடையே மாட்டும் பட்டை இல்லாத, தளர்ந்த, கிழிந்த ஜாக்கெட்டை மாட்டிவிடுவதும் மாட்டாமல் விடுவதும் ஒன்றே. இந்த ஏரியின் நீர் சென்னைக் கடல் அல்ல. குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு தன் வசத்தில் இருக்காது. நன்றாக நீந்துகிறவரே நீரைக் குடித்துவிடுவார். அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டவைப்பது ஜாக்கெட் மட்டும்தான்.

ஏப்ரல், மே பிற்பகல்களில் இடி இறங்கும் என்பது ஊருக்கே தெரியும். புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி சுற்றுவட்டார மின்னலை முன்கூட்டியே எச்சரிக்கிறது. இலவசம். அது படகுத் துறை மேற்பார்வையாளர் போனில் இருக்கட்டும். எச்சரிக்கை வந்ததும் சங்கு ஊதி எல்லாரையும் கரைக்கு அழைக்கும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். டிக்கெட் பணம் திருப்பித் தரவேண்டி வருமே என்று அவர் தயங்கக் கூடாது. அதை நீங்கள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். துடுப்பு வீச்சை எண்ணும் கைக்கடிகாரமெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

ஒரு ஆசையும் உண்டு. 2021இல் டோக்கியோ பாராலிம்பிக்கில் பிராச்சி யாதவ் இந்தியாவுக்காகத் துடுப்பு போட்டு இறுதிச் சுற்று வரை போனார். பழகியது போபால் ஏரியில். காலில் பலம் இல்லாதவருக்கு இடுப்பைத் தாங்கும் இருக்கையும், கவிழாமலிருக்கப் பக்க மிதவையும் இப்போது கிடைக்கின்றன. சக்கர நாற்காலி நேராக இறங்கும்படி சரிவான மிதவைத் துறை ஒன்று போட்டால், இங்கேயும் ஒரு பிள்ளை தண்ணீரில் இறங்கலாம். வார நாட்களில் காலை வேளை கூட்டமில்லாத நேரத்தை உள்ளூர்ப் பள்ளிகளுக்கு ஒதுக்குங்கள். இந்த உயரத்தில் மூச்சுப் பழக்கத்துக்காகவே உலகெங்கும் வீரர்கள் மலையேறுகிறார்கள். நம் பிள்ளைகளோ இங்கேயே பிறந்தவர்கள்.

டெண்டர் விளம்பரத்தில் 'கயாக், தரமானது' என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். படகின் பொருள், ஜாக்கெட்டின் நியூட்டன், கொட்டகை, மிதவைத் துறை, பயிற்சி பெற்ற மீட்பாளர் எத்தனை பேர் என்று தனித்தனியாக எழுதுங்கள். ஏப்ரல் வந்துவிட்டால் சாலை நெரிசலைப் பார்க்கவே உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால் இதை ஜனவரியிலேயே மேசைக்கு எடுங்கள்.

இப்படிக்கு,
நாயுடுபுரத்திலிருந்து ஒரு துடுப்புக்காரன்