பழைய கணினியை எடைக்குப் போடுவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான காலம் முடிந்துவிட்டது, பழைய கணினி வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போட்டுவிட்டு விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி வாங்குவதே புத்திசாலித்தனம் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் இன்ஜினியரிங் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், அதில் தமிழ் ஒழுங்காக வராது, கடைக்கும் அலுவலகத்துக்கும் அது ஆகாது என்றும் சொல்லியிருந்தார். நான் தென்காசியில் 22 ஆண்டுகளாக ஜாப் டைப்பிங் கடை நடத்துகிறேன். கடையில் ஐந்து கணினிகள். அவற்றில் நான்கு, 2023 சாரல் சமயத்திலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. நான்கிலும் காலை முதல் இரவு வரை தமிழ்தான் அடிக்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர் சொன்னதில் ஒன்று முழுக்கச் சரி. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. புதுப்பிப்பு இல்லாத இயங்குதளத்தை இணையத்தில் விட்டுவைப்பது ஆபத்து. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். எங்களைப் போன்ற கடைகளில் இது இன்னும் பெரிய விஷயம். என் கணினியில் இருப்பது என் வீட்டுக் கல்யாண போட்டோ மட்டும் இல்லை. ஊராரின் ஆதார் நகல், பத்திர நகல், வாரிசுச் சான்று மனு, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதில் இருக்கின்றன. நம்மை நம்பிக் கொடுத்த காகிதங்கள் அவை. எனவே ‘ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்’ என்று விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்திருப்பவர்களுக்கு நானும் ஆதரவாகப் பேச மாட்டேன். மைக்ரோசாஃப்டிடம் அதற்கென்று பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அதுவரை யோசிக்க அவகாசம் உண்டு.

ஆனால் அவர் சொன்ன மருந்து எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புராசஸரோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். என் கடையில் இரண்டு கணினிகள் மூன்றாம் தலைமுறை, இரண்டு ஆறாம் தலைமுறை. போர்டு நன்றாக இருக்கிறது, மானிட்டர் நன்றாக இருக்கிறது, இரண்டும் ஒரு நாள் கூட மக்கர் செய்ததில்லை. அவற்றைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. நான்கையும் மாற்ற விசாரித்தபோது ஒன்றரை லட்சம் கேட்டார்கள். ஒரு பக்கம் தமிழ் அடித்தால் முப்பது ரூபாய் வாங்குகிற கடை என்னுடையது.

லினக்ஸுக்கு நான் மாறியது ஏதோ கொள்கையால் இல்லை. 2023-ல் ஒருவர் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறிவிட்டது. ஜாப் டைப்பிங் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த அதே வைரஸ்தான். கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும், ஒன்றைத் தொட்டால் அடுத்த பென்டிரைவுக்கும் தாவும். மூன்று கணினிகள் ஒரே மத்தியானத்தில் படுத்துவிட்டன. அதுவரை சர்வீஸுக்கு வந்தவர் எனக்குப் போட்டுக் கொடுத்ததெல்லாம் உரிமம் இல்லாத விண்டோஸ் என்பதும், புதுப்பிப்பே வராமல் அவர் அணைத்து வைத்திருந்தார் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இதை விண்டோஸின் குற்றமாகச் சொல்லவில்லை. முறையாக வாங்கிப் புதுப்பித்து வைத்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது.

பாலிடெக்னிக்கில் படித்த என் அக்கா மகன் அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் இருந்த ஒரு பென்டிரைவைச் செருகினான். “சித்தி, இதுல லினக்ஸ் மின்ட் இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏத்தாமலே ஓட்டிப் பாக்கலாம். பிடிக்கலைன்னா பென்டிரைவ உருவிட்டா பழையபடி ஆயிரும்” என்றான். ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்துப் பார்த்தேன். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும் என்று வாசகர் பயமுறுத்துகிறாரே, அப்படி எதுவும் இல்லை. கீழே இடது மூலையில் மெனு, அதில் வேர்டு போலவே லிப்ரே ஆபிஸ், பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ். என்னிடம் வேலை பார்க்கும் பெண் பத்து நிமிடத்தில் மனு அடிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் நான்கிலும் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி மாற்றி, ரேமை 8 ஜிபி ஆக்கினோம். ஒரு கணினிக்கு 2,400 ரூபாய் ஆனது. முன்பு திறக்க நான்கு நிமிடம் எடுத்தது இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. நியாயமாகச் சொன்னால் இதில் பாதிப் புண்ணியம் எஸ்எஸ்டிக்கு. மின்டின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பு வரும், பணம் கிடையாது. பென்டிரைவில் அந்த ஷார்ட்கட் வைரஸ் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. விண்டோஸுக்காக எழுதப்பட்டது என்பதால் லினக்ஸில் அது வெறும் கோப்பாகக் கிடக்கிறது. அழித்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

இனி தமிழுக்கு வருகிறேன். வாசகரின் கடிதத்தில் என்னை உறுத்தியது இந்த இடம்தான்.

நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் முடித்தவள். டைப்ரைட்டரில் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, அடுத்து க. காகிதத்தில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கை போகும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 முறை வேறு மாதிரி. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. க அடித்து எ அடித்தால் ‘கெ’ வந்துவிடும். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டு போதும், முதல் ம-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ‘பந்து’, ‘பங்கு’ போன்றவற்றிலும் அப்படித்தான். தமிழின் இலக்கணம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்த வேலை அது. லினக்ஸில் தமிழ்99 இருக்கிறது, டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் முறையும் இருக்கிறது. எதையும் தனியாகக் காசு கொடுத்து வாங்கவில்லை. டைப்ரைட்டர் முறையில் இரண்டு மூன்று விசைகள் என் விரல் தேடிய இடத்தில் இல்லை. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இப்போது தமிழ்99 மட்டும்தான் சொல்லித் தருகிறேன்.

விண்டோஸிலும் தமிழ் நன்றாகவே வரும். விண்டோஸ் 2000 காலத்திலேயே அதில் யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில், தமிழ் வந்துவிட்டது. தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டரும் இ-கலப்பையும் தமிழர்களே உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவை. அவற்றில் பல ஆண்டுகள் உழைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். ஆப்பிளின் மேக் கணினியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் 2005 முதலே அதில் சேர்ந்து வருகின்றன. எழுத்து பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அந்த விலைக்கு எங்கள் கடைத்தெருவில் யாரும் போக முடியாது.

‘லினக்ஸில் தமிழ் வராது’ என்ற பேச்சுக்குக் காரணம் பழைய எழுத்துருக்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தன் இஷ்டப்படி தமிழ் வடிவத்தை வைத்து எழுத்துரு செய்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். லினக்ஸில் மட்டும் நடப்பதில்லை இது, எழுத்துரு இல்லாத எந்த விண்டோஸ் கணினியிலும் இதே கதிதான். அந்தப் பழைய எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நகலெடுத்துப் போட்டால் எழுத்து சரியாகத் தெரிகிறது. என்னிடம் இருந்த 400-க்கும் மேற்பட்ட பழைய வேர்டு கோப்புகளை அப்படித்தான் திறந்து பிரின்ட் எடுக்கிறேன். புதிதாக அந்த எழுத்துருவில் அடிக்கத்தான் பழைய விண்டோஸ் மென்பொருள் தேவைப்படுகிறது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் சில அலுவலகங்களிலிருந்து பழைய எழுத்துருவிலேயே படிவம் வருகிறது, அதே எழுத்துருவில் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு எழுத்துருவுக்காக ஒரு கணினியையே பழைய நிலையில் கட்டி வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆணையை எல்லா அலுவலகங்களிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தால் எங்களைப் போன்றவர்கள் பாதிச் சுமையை இறக்கி வைப்போம்.

லினக்ஸில் முடியாததை மறைத்து எழுதினால் அது நேர்மையில்லை. என் ஐந்தாவது கணினி விண்டோஸ் 11. 2024-ல் முறையான உரிமத்தோடு வாங்கினேன். கைரேகை வைக்கும் கருவி அதில்தான் வேலை செய்கிறது, லினக்ஸுக்கான மென்பொருளை அந்தக் கருவிக்காரர்கள் தரவில்லை. கல்யாணப் பத்திரிகை வேலைக்குக் கோரல்டிரா வேண்டும், அதுவும் அங்கேதான். டேலியில் கணக்கு எழுதுகிறவர்களை நான் மாறச் சொல்லவே மாட்டேன். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பை லிப்ரே ஆபிஸ் திறக்கும், ஆனால் பக்க அமைப்பு கலைந்து போகிறது. கடையின் பழைய லேசர் பிரின்டர் லினக்ஸோடு ஒத்துவரவில்லை. அதை விண்டோஸ் கணினியிலேயே மாட்டிவிட்டு, மற்றவற்றிலிருந்து பிடிஎஃப் அனுப்பி அடிக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு முத்திரைத்தாள் வீணாகியிருக்கிறது. வக்கீல் அலுவலகத்தில் விண்டோஸில் அடித்த ஒப்பந்தத்தை நான் லினக்ஸில் திறந்தேன். அவர்கள் வைத்திருந்த லதா எழுத்துரு என்னிடம் இல்லை. வேறொன்று தானாக வந்து உட்கார்ந்ததில் வரிகள் நீண்டு, கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிட்டது. நான் கவனிக்காமல் முத்திரைத்தாளில் அடித்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு பக்கமும் பேசி, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை எல்லாக் கணினியிலும் போட்டுக்கொண்டோம். முத்திரைத்தாளுக்குப் போவதைப் பிடிஎஃப் ஆக மட்டுமே வாங்குகிறேன். பிறகு அந்தச் சிக்கல் வரவில்லை.

லினக்ஸ் நமக்குப் புதிய சரக்கும் இல்லை. இந்தியாவின் சொந்த லினக்ஸான பாஸ், மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக்கின் சென்னை மையத்தில் உருவானது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பெற்றோர் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, “அந்த இன்னொண்ணு எதுக்கு, எடுத்துருங்க அக்கா” என்பார்கள். நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கொடுத்தார்களே தவிர, அதில் என்ன செய்யலாம் என்று பள்ளியில் யாரும் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை, எனக்கும் அன்று தெரியவில்லை. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம். புனலூரில் இருக்கும் என் நாத்தனார் மகன் பள்ளியிலேயே படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பும் லிப்ரே ஆபிஸும் படித்தவன். பாஸ்போர்ட் போட்டோ வெட்டி அடுக்க ஜிம்ப்பில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். நான் மூன்று வாரம் தடுமாறிய வேலையை அவன் ஒரு சாயங்காலத்தில் புரியவைத்தான்.

போன மாதம் ஒரு பெண் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் அண்ணன் பிளஸ் டூவில் வாங்கியது. திறந்தால் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றாள். எடைக் கடை அண்ணாச்சி அதற்கு 400 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு எஸ்எஸ்டி மாற்றி, மின்டில் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, தமிழ்99 வைத்துக் கொடுத்தேன். பேட்டரி செத்துவிட்டது, கரண்டில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அவள் குரூப் 4 தேர்வில் டைப்பிஸ்ட் பணிக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். தினமும் ஒரு மணி நேரம் அதில் தமிழ் அடித்துப் பழகுகிறாள்.

கடையில் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் இரண்டு வைத்திருக்கிறேன். அந்த வாசகரோ, பழைய கணினியை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் வேறு யாரோ கேட்டால் ஒரு நாள் இரவல் தருகிறேன். காசு வேண்டாம், பென்டிரைவை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடை நடத்தும் வாசகி,
தென்காசி.