செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை மதிப்பிடும் கல்விக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பாடம் முடிந்த கையோடு "இந்தச் செயலி பிடித்திருக்கிறதா?" என்று மாணவர்களிடம் கேட்டு, அந்தச் சராசரியை வைத்தே கருவியைத் தேர்வு செய்யும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பிடித்திருப்பது வேறு, பயன்படுத்த எளிதாக இருப்பது வேறு. பயனுள்ளது என்ற எண்ணத்தையும் எளிதானது என்ற எண்ணத்தையும் தொழில்நுட்ப ஏற்பை ஆராய்ந்த பிரெட் டேவிஸ் 1989-இலேயே தனித்தனியாக அளந்தார். கற்றல் நடந்ததா என்பதை இவை இரண்டுமே சொல்லாது.

எளிமையை அளக்க, ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்து வாக்கிய அளவுகோல் (System Usability Scale, SUS) போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாணவர் 1 (முற்றிலும் மறுக்கிறேன்) முதல் 5 (முற்றிலும் ஏற்கிறேன்) வரை ஓர் எண்ணைக் குறிப்பார். சறுக்கல் கணக்கில்தான் வருகிறது. ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டுபவை. மாணவர் குறித்த எண்ணிலிருந்து 1-ஐக் கழியுங்கள். இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்பவை. 5-இலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். கூட்டுத்தொகையை 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். அது சதவீதம் அல்ல. வாக்கியங்களைப் படிக்காமல் பத்துக்கும் 4 போட்ட ஒருவரின் தாளைப் பாருங்கள்: ஒற்றைப்படையில் 15, இரட்டைப்படையில் 5, மொத்தம் 20, மதிப்பெண் 50. எல்லாவற்றுக்கும் 1 போட்டாலும் 5 போட்டாலும் அதே 50தான். ஆகவே 50 வந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுச் சராசரி போடுங்கள். மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும்: எட்டாவது வாக்கியத்தின் 'கம்பர்சம்' (cumbersome, கையாளச் சிரமமானது) என்ற சொல்லில் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தடுமாறுவது 2006-இலேயே பதிவாகியிருக்கிறது.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. தவறான விடையையும் இந்தக் கருவிகள் சரளமாகவே தருகின்றன. தவறைக் கவனிக்காத மாணவர் "மிக எளிது" என்று முழு மதிப்பெண் போடுவார். அதனால் எளிமை மதிப்பெண்ணோடு தவறைப் பிடிக்கும் திறனையும் சேர்த்துச் சோதியுங்கள். ஒரே கேள்விக்குக் கருவி ஒவ்வொரு முறையும் வேறு விடை தரலாம் என்பதால், பிழையுள்ள விடைகள் மூன்றை முன்கூட்டியே சேமித்து, எல்லா மாணவருக்கும் அவற்றையே கொடுங்கள். எத்தனை பேர் பிழையைக் கண்டார்கள், எந்த வரியில் நின்றார்கள் என்று குறியுங்கள். கருவியின் பதிப்பையும் தேதியையும் எழுதாவிட்டால் அடுத்த பருவத்தில் ஒப்பிட வழியில்லை.

மதிப்பெண் போடும் ஆசிரியரே வினாப்பட்டியலை வாங்கினால் மாணவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவார்கள். பெயரும் வேண்டாம், பதிவெண்ணும் வேண்டாம். அவர்களே வைத்துக்கொள்ளும் ஒரு குறியீடு போதும். முதல் வாரத்தில் புதுமை மோகம் பேசும். அதே குறியீட்டோடு ஆறு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். அப்போது ஒரு திறந்த கேள்வியையும் சேருங்கள்: "கடைசியாக எந்த வேலையின் நடுவில் இந்தக் கருவியை மூடிவிட்டு நீங்களே செய்தீர்கள்?"

அன்புடன்,
கல்விக் கருவிகளைச் சோதிக்கும் பணியில் இருப்போர்