புதுப்பேட்டைக்கு வந்தேன், உன்கிட்ட சொல்லல

மாப்ள குமரேசா,

திட்டுறதையெல்லாம் முதல்ல திட்டி முடிச்சிரு, அப்புறம் படி. போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை நான் மெட்ராஸ்லதான் இருந்தேன். புதுப்பேட்டையில ஒரு பழைய சாமான் கடை வாசல்ல குத்தவச்சு உக்காந்து என் மாருதி ஜிப்சி ஜீப்புக்கு ஸ்பிரிங் பட்டை பேரம் பேசிக்கிட்டு இருந்தேன். காலையில பஸ்ஸ விட்டு எறங்குனேன், ராத்திரியே ஏறிட்டேன். போன் பண்ணா நீ வந்துருவ, வந்தா எதுக்குடா பட்டைன்னு கேப்ப, உண்மையச் சொன்னா அது அன்னைக்கு சாயங்காலமே பாட்டில் பாஸ்கருக்குப் போயிரும், அவன் எனக்கு மறுபடி அந்தப் பழைய பேர வச்சிருவான். இந்த வயசுல அது வேணாம்னுதான் கமுக்கமா வந்துட்டுப் போயிட்டேன்.

ஆனா நேத்து நீ அனுப்புன லிஸ்ட்ட பாத்தப்புறம் வாய மூடிக்கிட்டு இருக்க முடியல. மாருதி ஜிம்னி ஜீப்பு புக் பண்ணிட்ட, ரொம்ப சந்தோஷம். வண்டி இன்னும் கைக்கே வரல, அதுக்குள்ள வண்டிய ஒசத்துற லிஃப்ட் கிட்டு, பெரிய டயரு, எஞ்சினுக்கு மேல இருந்து காத்து இழுக்குற ஸ்நார்க்கல் குழா, மாட்டிக்கிட்டா கயிறு சுத்தி இழுக்குற விஞ்சு, லைட் பாரு, மேல கேரியரு. படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. ஏன்னா இதுல ஒண்ணு விடாம நானும் போட்டவன்டா. கிட்டத்தட்ட அதே வரிசையில.

வீட்டுச் சேதி: அம்மாவுக்கு ரெண்டாவது கண்ணும் ஆபரேஷன் முடிஞ்சு இப்ப டிவி சீரியல்ல யாரு பொட்டு வைக்கலன்னு வரைக்கும் சொல்லுது. ஏலக்கா விலையப் பத்திக் கேக்காத. பாப்பா எட்டாவது. உன் தங்கச்சி நல்லாருக்கா, உன்மேல கோவமா இருக்கா, காரணம் உனக்கே தெரியும். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நான் ஜிப்சி வாங்குனது தோட்டத்துக்குன்னு சொல்லித்தான். 2009 மாடலு, ரெண்டே முக்கா லட்சம். அந்த வண்டிதான் வெளிநாட்டுல சுசுகி சமுராய்னு ஓடுச்சுன்னு தெரிஞ்சப்பவே எனக்கு நம்ம காலேஜ் சமுராய் பைக்கு ஞாபகம் வந்துச்சு, சைலன்சர் சம்பவமும் ஞாபகம் வந்துச்சு, அப்பவே சுதாரிச்சிருக்கணும். வாங்கி பத்து நாள்கூட ஓட்டல மாப்ள. ஒரு மேடு ஏத்திப் பாக்கல, ஒரு சேத்துல எறக்கிப் பாக்கல. போன்ல வீடியோ பாத்துப் பாத்து நேரா பட்டறையில விட்டுட்டேன்.

முதல் வேலை லிஃப்ட்டு. பட்டறைக்காரரு லாரி வேலை பாக்குறவரு, நல்ல கைக்காரரு, அவரு மேல குத்தமே இல்ல. நான் ஒசத்துங்கண்ணேன்னேன், அவரு ஒசத்திட்டாரு. நாலு சக்கரத்துக்கும் ரெண்டு ரெண்டு பட்டை கூடுதலா வச்சு, பட்டை நுனிய சேஸிஸோட கோக்குற ஷேக்கிளையும் நீட்டி, வண்டி ஜம்முன்னு நின்னுச்சு. அடுத்து டயரு. கம்பெனி டயரு 205/70 ஆர்15, நான் போட்டது 235/75. பஸ் ஸ்டாண்டு பக்கம் போனா பயலுக திரும்பித் திரும்பிப் பாத்தாய்ங்க.

இப்ப ஒரு கணக்கு சொல்றேன் கேளு, இத எனக்கு எவனும் முன்னாடியே சொல்லல. நீ எத்தன இன்ச்சு லிஃப்ட்டு போட்டாலும் ஒசர்றது பாடிதான்டா. நடுவுல கிரவுன், அதான் அந்தப் பல்சக்கர உருண்டை, இருக்குற ஆக்சிலு அதே எடத்துலதான் தொங்கும், ஏன்னா அது நிக்குறது சக்கரத்து மேல. கல்லுல போயி இடிக்கிறது பெரும்பாலும் அந்தக் கிரவுன்தான். அத ஒசத்தணும்னா டயரு பெருசாகணும், அதுலயும் பாதிதான் கிடைக்கும். என் பழைய டயரோட மொத்த ஒசரம் 668 மில்லிமீட்டர், புதுசு 733. வித்தியாசத்துல பாதி, முப்பத்திச் சொச்சம் மில்லிமீட்டர். ரெண்டு வெரக்கடை அகலங்கூட முழுசா இல்ல. இதுக்குத்தான் ஒரு லட்சத்துக்கு மேல.

அந்த டயரு சும்மா வரல. வட்டம் பெருசானதுனால கியரு பூராவும் பத்து பெர்சன்ட் நீண்டுருச்சு, இழுவை கொறஞ்சு போச்சு. 1300 சிசி எஞ்சின்டா அது, 80 குதிரை, அதுவும் வண்டி புதுசா இருந்தப்ப. போடிமெட்டு ஏறுறப்ப 17 வளைவுலயும் ஒண்ணுல எடுத்து ரெண்டுல போட்டா அழுவும், மறுபடி ஒண்ணு. மீட்டர்ல 60 காட்டுனா நெசமா 66ல போயிக்கிட்டிருப்ப. பிரேக்கு பழைய பிரேக்கேதான், டயரு மட்டும் கனம், பவர் ஸ்டியரிங் கிடையாது, ஒரு தடவ மார்க்கெட்ல பார்க் பண்ணி எடுத்தா தோள்பட்டை கழண்டுரும்.

இதெல்லாங்கூட பொறுத்துக்கலாம். என்னைய அவமானப்படுத்துனது லிஃப்ட்டுதான். நம்ம தோட்டத்துக்கு முன்னாடி கடைசி ஏத்தம் இருக்குல்ல, நீ செருப்பத் தொலைச்ச எடம், அங்க குறுக்கால ஒரு தண்ணி வாய்க்கா அரிச்சு வச்சிருக்கும். வண்டி கோணலா அதுல எறங்குனா ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கத்து பின் சக்கரமும் அந்தரத்துல நிக்கும். ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் பூட்டுற லாக்கர் இல்லாத கிரவுன்ல பவரு எப்பவும் சும்மா சுத்துற சக்கரத்துக்குத்தான் போகும், தரையில நிக்கிறது வேடிக்க பாக்கும். இத சமாளிக்க ஸ்பிரிங்கு நல்லா வளைஞ்சு குடுத்து சக்கரத்தத் தரைக்குத் தள்ளணும். நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்? ஒரு டன்னு கூட வராத வண்டிக்கு மினி லாரி கணக்குல பட்டை அடுக்கி வச்சிருக்கேன். அது எங்கிட்டு வளையும்? கட்டில் காலு மாதிரி நின்னுச்சு. ஒசரமா, கம்பீரமா, நகராம.

அன்னைக்கு பின்னாடி வந்த தோட்டத்து ஜீப்புல ஏலக்கா பறிக்கப் போற பொம்பளைங்க பன்னெண்டு பேரு இருந்தாங்க. கயிறு கட்டி இழுக்கலாம்னு வண்டி முன்னாடி இருக்குற கம்பி, என் புல்பார்ல மாட்டுனோம். பெயின்ட்டு அடிச்சு பளபளன்னு இருந்த புல்பாரு, பம்பரு போல்ட்டுலதான் நிக்குதுன்னு எனக்கே அப்பத்தான் தெரியும். ஜீப்பு ஒரு இழு இழுத்துச்சு, புல்பாரு மட்டும் தனியா போச்சு. வண்டி அங்கயேதான் நின்னுச்சு. அந்தச் சிரிப்பு சத்தம் சாந்தம்பாறை வரைக்கும் கேட்டிருக்கும். அது அறுந்து பறந்து யாரு மண்டையிலயாவது அடிச்சிருந்தா என்னாகியிருக்கும்னு ராத்திரி படுத்தப்புறந்தான் நெனச்சேன். உன் ஜிம்னியில இழுக்குற கொக்கி சேஸிஸ்ல எங்க இருக்குன்னு மேனுவல்ல பாரு, அதத் தவிர வேற எங்கயும் கயிறு மாட்டாத.

ஸ்நார்க்கல் கதை இன்னும் கேவலம். அத மாட்டிக்கிட்டு நான் கப்பலோட்டுற மாதிரி ஓடையில எறக்குனேன். எஞ்சினுக்குள்ள தண்ணி போகல, உண்மைதான். ஆனா ஆக்சிலுக்கு மேல சின்னதா ஒரு மூச்சுக்குழா இருக்கும். மலையேறி வந்த சூட்டுல கிரவுன் கொதிக்கும், அப்படியே குளுந்த தண்ணியில எறங்குனா உள்ள இருக்குற காத்து சட்டுன்னு சுருங்கும், சுருங்குனா அந்த ஓட்ட வழியா, சீல் வழியா தண்ணிய உறிஞ்சும். ரெண்டு மாசம் கழிச்சு கிரவுன் ஆயில எறக்குனப்ப நம்ம ஹாஸ்டல் டீ மாதிரி வந்துச்சு. பேரிங்கு போச்சு. எரநூறு ரூவா ரப்பர் குழாய அந்த மூச்சுக்குழாயில மாட்டி மேல கொண்டாந்து கட்டியிருந்தா முடிஞ்சு போற விஷயம். ஸ்நார்க்கலு வெளிய தெரியும், ரப்பர் குழா தெரியாது, அதான என் புத்தி.

இனிமே எழுதுறத நீ மட்டும் படி, உன் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது.

போடியில இருந்து தேனி வர்ற நேர் ரோடு. பாப்பா முன் சீட்டுல. 65ல இருப்பேன், ரோட்டுல ஒரு சின்ன பள்ளம், இடது சக்கரம் எறங்கி ஏறுச்சு, அம்புட்டுதான். ஸ்டியரிங்கு ஆட ஆரம்பிச்சுச்சு. ஆடுதுன்னா நடுங்குறது இல்லடா, ரெண்டு பக்கமும் வெட்டி வெட்டி இழுக்குது, கையில நிக்கல, டேஷ்போர்டு பூராம் உதறுது. எதுத்தாப்புல பஸ்ஸு. நான் பிரேக்க அழுத்தி அழுத்தி வேகத்த 30க்கு கொண்டாந்தப்பதான் நின்னுச்சு. பஸ்காரன் ஒதுங்கிப் போனான், அது அவன் புண்ணியம். பாப்பா சிரிச்சுக்கிட்டே “அப்பா, வண்டி டான்ஸ் ஆடுது”ன்னுச்சு. நானும் சிரிச்சேன். ஓரங்கட்டிட்டு தண்ணி குடிக்கிற மாதிரி கீழ எறங்குனேன், முட்டி ரெண்டும் நிக்கல.

காரணம் ஒண்ணுல்ல, எல்லாம் சேந்துதான். ஷேக்கிள நீட்டுனதுல முன் ஆக்சிலோட சாய்மானம் மாறிப்போச்சு, அந்தச் சாய்மானந்தான் ஸ்டியரிங்க தன்னால நேருக்குக் கொண்டாந்து நிறுத்துறது. ஸ்டியரிங் ராடு படுத்திருக்க வேண்டியது சாஞ்சு நிக்குது, சக்கரம் ஒவ்வொரு தடவ ஏறி எறங்கையிலயும் அதுவே ஸ்டியரிங்கத் திருப்புது. இதுக்கு மேல கனமான டயரு. அதுக்கும் மேல, வண்டி வாங்குனதுல இருந்து நான் கழட்டிக்கூடப் பாக்காத, முன் சக்கரம் திரும்புற மூட்டுல இருக்குற கிங் பின் பேரிங்கும், ஸ்டியரிங் ராடு முனையில இருக்குற டை ராடு எண்டும், தேஞ்சு லொடலொடன்னு கிடந்துச்சு. மூணு லட்சத்துக்கு சாமான் மாட்டுனவன், பதினஞ்சு வயசு வண்டியோட ரெண்டாயிரம் ரூவா பேரிங்க மாத்தலடா. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. இப்பக்கூட அந்த ரோட்டுல அந்த எடம் வந்தா கால் தானா பிரேக்குக்குப் போகுது.

அப்பவாவது எல்லாத்தையும் கழட்டிட்டேனா? இல்ல. ஸ்டியரிங் டேம்பர்னு ஒண்ணு போட்டு ஆட்டத்த அமுக்கி வச்சேன். காய்ச்சலுக்கு மாத்திர போட்டுக்கிட்டு ஊர் சுத்துற மாதிரி. கழட்ட வச்சது ஆர்டிஓ ஆபீஸு.

பதினஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சுல்ல, ஆர்சி புதுப்பிக்கணும், அஞ்சாயிரம் ரூவா பீஸு, முந்தி அறநூறுதான், 2022 ஏப்ரல்ல ஏத்திட்டாங்க. வண்டியக் கழுவித் தொடச்சு கொண்டுபோயி நிறுத்துனேன். பிரேக் இன்ஸ்பெக்டரு சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு. ஆர்சியில வெள்ளைன்னு இருக்கு, வண்டி மிலிட்டரி பச்ச. “தம்பி எந்த ரெஜிமென்ட்டு?”ன்னாரு. நான் வேற அது நக்கல்னு தெரியாம “இல்ல சார், ஏலக்கா வியாபாரம்”னேன். அப்புறந்தான் சொன்னாரு, அந்த ஆலிவ் பச்ச ராணுவ வண்டிக்கு மட்டுந்தான், மத்தவன் அடிக்கக்கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதியிலயே இருக்காம், 121ஆவது விதி. புல்பாருக்கு 2017லயே தடை வந்துருச்சு, அதத்தான் நான் மறுபடி வெல்டு வச்சு மாட்டியிருந்தேன். ஆர்சியில இருக்குறதுக்கு மாறா வண்டிய மாத்துனா 52ஆவது பிரிவு, ஒவ்வொரு மாத்தத்துக்கும் அஞ்சாயிரம் அபராதம் போடலாம்னாரு. மனசுக்குள்ள எண்ணிப் பாத்தேன், ஏழு வந்துச்சு. மனுஷன் அபராதம் போடல, கழட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. ஒரு வார்த்த கடுமையா பேசல, அதான் எனக்கு இன்னும் சங்கடமா இருந்துச்சு.

கழட்டலாம்னு பாத்தா பழைய பட்டை எங்க? லிஃப்ட்டு போட்ட அன்னைக்கே காயலாங்கடையில கிலோ கணக்குல போட்டுட்டு அந்தக் காசுல பரோட்டா தின்னாச்சு. கம்பெனி ஜிப்சிய நிறுத்தி வருஷமாச்சு. தேனி, மதுர, திண்டுக்கல்லு பூராம் அலைஞ்சு கடைசியா புதுப்பேட்ட. அதான் அந்த சனிக்கிழமை கதை.

இப்ப வண்டி வெள்ளையா, குட்டையா, சாதாரணமா நிக்குது. கிங் பின் பேரிங்கு, டை ராடு எண்டு, புஷ்ஷு எல்லாம் புதுசு. வளைவு திரும்பி முடிச்சதும் ஸ்டியரிங்கு தானா நேரா வந்து நிக்குது மாப்ள, இது இப்படித்தான் வரும்னே மறந்துபோயிருந்தேன். போன ஞாயித்துக்கிழம தோட்டத்து ஏத்தத்துக்குப் போனேன். கீழயே நிறுத்தி டயர் காத்த 16 பிஎஸ்ஐக்கு எறக்குனேன். காத்து எறங்குனா டயரு தரையில நீளமாப் படியும், கல்லத் தள்ளி உடாம கவ்விப் பிடிக்கும். அந்த வாய்க்காகிட்ட ஒரு சக்கரம் லேசா தூக்குச்சு, ரெண்டு தடவ சுத்துச்சு, ஏறிருச்சு. பொய் சொல்லக்கூடாது, மேல ஒரு பாறையில அடி தட்டுச்சு, லிஃப்ட்டு இருந்தப்ப அது தட்டாது. எறங்கி கடப்பாறையால ரெண்டு கல்லப் போட்டு நெரவிட்டுப் போனேன்.

உன் லிஸ்ட்டுக்கு வர்றேன். ஜிம்னிக்கு காயில் ஸ்பிரிங்கு, கம்பெனியே 210 மில்லிமீட்டர் ஒசரம் குடுத்திருக்கான், அந்தரத்துல சுத்துற சக்கரத்த பிரேக்கே பிடிச்சு நிறுத்தி மத்ததுக்கு பவரு குடுக்கும். இதுல நீ என்னத்தடா ஒசத்தப் போற, நீ போறது மிஞ்சிப்போனா வாத்தியாரு பண்ணை வீடு. ஒரு வருஷம் அப்படியே ஓட்டு. விஞ்சு முன்னாடி தொங்குனா மூக்கு எறங்கும். கேரியர்ல சாமான அடுக்குனா சாய்வுல வண்டி கவுறப் பாக்கும். லைட் பாருக்குன்னு எவன்கிட்டயும் வயர வெட்டக் குடுத்துராத, வாரன்ட்டியும் போகும், ஒருநாள் வண்டியும் எரியும். இன்சூரன்ஸ்காரன்கிட்ட சொல்லாம எதையும் மாட்டாத. வாங்குனா ஒரு நல்ல காத்து கம்ப்ரசரு, ஒரு பிரஷர் கேஜு, நீளுற கயிறு ஒண்ணு, மண்வெட்டி ஒண்ணு வாங்கு. கம்ப்ரசரு வாங்க வேணாம், என்கிட்ட ரெண்டு இருக்கு, வாத்தியாரு மக கல்யாணத்துக்கு வர்றப்ப கொண்டாறேன்.

விஞ்சும் வச்சிருக்கேன், ஒரு தடவகூட இழுக்கல, டப்பாகூட இருக்கு. உனக்கு வேணும்னா பாதி வெலைக்கு... சரி சரி, வேணாம். பாஸ்கர்கிட்ட கேட்டுப் பாரு, அவன் வாங்குவான்.

தங்கச்சியக் கேட்டதா சொல்லு. இந்த லெட்டர பாஸ்கர்கிட்ட காட்டுன, அப்புறம் சைலன்சர் சம்பவத்துல நெசமா யாரு ஓடுனதுன்னு உன் வீட்டுக்கு ஒரு லெட்டர் வரும்.

செல்வா