தொட்டி இன்று, மீன் அடுத்த மாதம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதிதாக மீன் தொட்டி வாங்க வருகிறவர்களிடம் எங்கள் காட்பாடி கடையில் இரண்டு விஷயம் கேட்கிறோம். வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வாருங்கள் என்பது ஒன்று. தொட்டியையும் செடியையும் இன்று எடுத்துப் போங்கள், மீனுக்கு ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்பது இன்னொன்று. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குடியாத்தத்திலிருந்தோ ஆரணியிலிருந்தோ பஸ் ஏறி வந்தவருக்கு இந்த இரண்டாவது பேச்சு பிடிப்பதில்லை. "காசு கொடுத்தும் மீன் தர மாட்டேன் என்கிறீர்களே" என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானதுதான். பிள்ளை ஆசைப்பட்டு வந்தது மீனுக்காக. கல்லாவில் நின்றுகொண்டு இரண்டு வரியில் காரணத்தைச் சொல்ல முடிவதில்லை என்பதால்தான் இந்த மடல்.

மீன் தண்ணீருக்குள்ளேயே தின்று, அதிலேயே கழிக்கிறது. அதன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியா தண்ணீரில் சேரும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதேதான். ஏரி குளத்தில் தண்ணீர் ஏராளம். மண்ணிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் செய்யாது. செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும், மிச்சம் தண்ணீர் மாற்றும்போது போய்விடும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் பேருக்குக்கூட இருக்காது. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் அவை வேண்டிய அளவுக்குப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். வாங்கிய அன்று துள்ளி விளையாடிய மீன் மூன்றாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், வாரம் முடிவதற்குள் மிதப்பதும் பெரும்பாலும் இதனால்தான். மீனுக்கு நோய் என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். தண்ணீரை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் கூடுதலாக உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகக் கெடுக்காது, இன்னொன்றுதான் செவுளை அரிக்கும் விஷம். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) சூடும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7, சூடு 25 டிகிரி என்றால் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. பி.எச். 8, சூடு 30 டிகிரி என்றால் அது நூற்றில் ஏழு பங்குக்கு மேல் போய்விடும். பி.எச். கூடுதலான வேலூர் பக்கத்துப் போர் தண்ணீரையும் நம் வெயிலையும் நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த ஊரில் சுண்ணாம்பும் பி.எச்.சும் குறைந்த மென்மையான தண்ணீர் வைத்திருப்பவர் "முதல் நாளே மீன் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று வீடியோவில் சொல்வது அவர் ஊருக்கு உண்மையாக இருக்கலாம். அதே அளவு அம்மோனியா நம் தொட்டியில் பத்து மடங்கு கடுமையாக வேலை செய்யும்.

அந்த பாட்டில் தண்ணீர் கேட்பதும் இதனால்தான். இங்கே ஒரு வீட்டுக்குள்ளேயே நான்கு விதத் தண்ணீர் இருக்கிறது. போர் தண்ணீர் பல தெருக்களில் கடினமானது, அதாவது சுண்ணாம்பு கலந்த கனமான தண்ணீர். வாளி விளிம்பில் சுரண்டினாலும் போகாத வெள்ளைக் கோடு, வாட்டர் ஹீட்டர் காயிலில் ஓடு கட்டிய சுண்ணாம்பு, இரண்டும் இருந்தால் பரிசோதனை செய்யாமலே சொல்லிவிடலாம். இந்தத் தண்ணீர் கெட்டதல்ல. கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீரை விரும்புகிற மீன்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் இதைவிட மென்மை, ஆனால் அதில் குளோரின் இருக்கும். அது செவுளையும் எரிக்கும், நாம் பாடுபட்டு வளர்க்கிற பாக்டீரியாவையும் கொல்லும். வாயகன்ற பக்கெட்டில் பிடித்து, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு போதும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும், அதே முறையில் சுத்திகரித்து வரும் கேன் தண்ணீரிலும் தாதுக்கள் மிகக் குறைவு. அதை மட்டும் ஊற்றினால் செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் கிடைக்காது, பி.எச்.சும் நிலையாக நிற்காது. போர் தண்ணீர் ரொம்பக் கனமாக இருந்தால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலப்பதுதான் சரியான வழி. மாடித் தொட்டிக்கு முன்னால் சாஃப்ட்னர் மாட்டியிருக்கும் வீடுகளில், சாஃப்ட்னருக்கு முந்தைய குழாயில் பிடியுங்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைப் போடுகிறது. துணி துவைக்க நல்லது, செடிக்கு ஆகாது.

தொட்டி என்றால், முதல் தொட்டிக்கு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்பதே எங்கள் சிபாரிசு. விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். சின்னக் கிண்ணம்தான் ஆரம்பத்துக்குச் சுலபம் என்று நினைத்து வருகிறார்கள். தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு சீக்கிரம் அது சூடாகும், கெடும். கண்ணாடி, மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் எடை 70 கிலோவைத் தாண்டும். அதனால் டி.வி. வைக்கும் லேசான மேசையில் வைக்க வேண்டாம். அடியில் தெர்மாகோல் போடுங்கள், ஜன்னல் வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்கள்.

மணல் இரண்டு அங்குலம் போட வேண்டும். கடை மணலானாலும் ஆற்று மணலானாலும், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஒரு பிடி எடுத்து அதில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்போ கிளிஞ்சலோ இருக்கிறது. ஏற்கனவே கனமான நம் தண்ணீரை அது இன்னும் கனமாக்கும். வீடு கட்டி மிஞ்சிய மணலில் சிமென்ட் கலந்திருக்கும், எம் சாண்டில் கல் தூள் கலந்திருக்கும், இரண்டும் வேண்டாம். நீலம், ரோஸ் நிறக் கூழாங்கற்களைச் செடி வைக்கிற தொட்டிக்கு நாங்கள் தருவதில்லை. வேர் பிடிக்காது, இடுக்கெல்லாம் தீனி போய் அழுகும்.

செடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் மாதத்தில் தொட்டியைக் காப்பாற்றுவது அவைதான். வேகமாக வளரும் செடி அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் பின்வரிசையில் வல்லிஸ்நேரியாவும் ஹார்ன்வொர்ட்டும் தாராளமாக இருக்கட்டும். வல்லிஸ்நேரியாவுக்குக் கடினத் தண்ணீர் ஒரு பிரச்சினையே இல்லை; பிடித்துக்கொண்டால் மணலுக்கடியில் கொடி ஓட்டிக் குட்டி வைத்துக்கொண்டே போகும். நடுவில் நீர்ப்பிரம்மி வைக்கலாம். சித்த வைத்தியத்தில் ஞாபக சக்திக்குச் சொல்கிறார்களே, அதே பிரம்மிதான், தண்ணீருக்குள்ளும் நேராக நின்று வளரும். அனுபியாசும் ஜாவா ஃபெர்னும் வெளிச்சம் குறைவான மூலைக்கு ஏற்றவை. ஆனால் அவற்றின் தண்டுக்கிழங்கை மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள், கொஞ்ச நாளில் வேரே கவ்விக்கொள்ளும்.

கிரிப்டோகோரைன் என்ற செடியை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நட்டு ஒரு வாரம் பத்து நாளில் அதன் இலை ஓரத்திலிருந்து கண்ணாடி போலத் தெரிய ஆரம்பிக்கும். விரலால் தொட்டால் கூழாக வரும். அப்புறம் காம்போடு மடங்கி விழுந்துவிடும், சில சமயம் ஓர் இலைகூட மிஞ்சாது. செடி செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுகிறார்கள். அது சாகவில்லை. இடம் மாறினால், தண்ணீர் மாறினால் பழைய இலையை உதிர்ப்பது அதன் குணம். கூழான இலையை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் மணலை ஒட்டினாற்போல் பழுப்பாக, ஊசி மாதிரி சுருண்ட ஒரு குருத்து தலைகாட்டும். அந்தக் குருத்து உங்கள் வீட்டுத் தண்ணீருக்கே பிறந்தது, அது விழாது. இதைப் பார்க்கிற சந்தோஷம் மீன் பார்க்கிற சந்தோஷத்துக்குக் குறைந்ததல்ல என்று நாங்கள் மனதாரச் சொல்கிறோம்.

விளக்கை ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். ஒரு டைமர் பிளக் வாங்கி மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் இந்தச் செடிகளுக்குத் தேவையே இல்லை. கேட்டாலும் முதல் தொட்டிக்கு வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

மீன் இல்லாத அந்த ஒரு மாதம் தொட்டி சும்மா இருக்காது. ஃபில்டர் இரவு பகலாக ஓட வேண்டும். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள், அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். எங்கள் பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்புவோம், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. முதல் வாரம் தண்ணீர் பால் கலந்தாற்போல் மங்கும், அப்புறம் கண்ணாடியில் பழுப்புப் பொடி படியும். இரண்டும் தானாகவே போகும். அந்த நேரத்தில் வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது தொட்டியையும் கவிழ்த்துக் கழுவிவிட்டால், அதுவரை வளர்ந்ததெல்லாம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை அப்படி எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள், குழாயடியில் காட்டாதீர்கள். மாதம் முடிந்ததும் தொட்டித் தண்ணீர் கொண்டுவாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டினால் அன்றே மீன் எடுத்துப் போகலாம். இந்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.

எந்த மீன்? ஐந்தாறு கப்பி அல்லது பிளாட்டியோடு ஆரம்பியுங்கள். குட்டி பெருகக் கூடாதென்றால் ஆண் கப்பி மட்டும் கேளுங்கள். ஒரு முறை சேர்ந்த பெண் கப்பி, அப்புறம் ஆணே இல்லாமல் பல மாதம் குட்டி போடும். ஜீப்ரா டானியோவும் நல்ல மீன், நம் நாட்டு ஆறுகளுக்கே உரியது, உறுதியானது. நியான் டெட்ராவின் நீலக்கோட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அது மென்மையான தண்ணீர் மீன், உங்கள் பாட்டில் தண்ணீர் கனமென்றால் நாங்கள் கொடுக்க மாட்டோம்.

வாஸ்துவுக்காக எட்டு தங்கமீனும் ஒரு கறுப்பு மீனும் கேட்டு வருகிறவர்கள் நிறைய. நம்பிக்கையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் தங்கமீன் ஒவ்வொன்றும் ஒரு சாண் வளரக்கூடியது, கழிவும் அதிகம், நட்ட செடியைத் தின்றும் தோண்டியும் தீர்த்துவிடும். ஒன்பது தங்கமீனுக்கு இரண்டடித் தொட்டி எந்த வகையிலும் போதாது. எட்டு சிவப்புப் பிளாட்டியும் ஒரு கறுப்பு மோலியும் வைத்தால் எண்ணிக்கையும் நிறமும் பொருந்தும், மீனும் பிழைக்கும். மோலி கொஞ்சம் பெரிதாகும், அதனால் அதைக் கடைசியாகச் சேருங்கள்.

பாசி தின்னும் என்று சக்கர் மீன் கேட்பவர்களுக்கும் இல்லை என்றுதான் பதில். விரல் நீளக் குட்டி ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் எங்கே விடுவது என்று தெரியாமல் ஏரியிலோ கோட்டை அகழியிலோ விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கனவே பெருகி, வலை போடுகிறவர்களுக்கும் நாட்டு மீன்களுக்கும் பெரிய தொல்லையாகிவிட்டது. யாரிடமாவது இருந்தால் வெளியே விடாதீர்கள், எங்களிடம் கொண்டுவாருங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

இப்போது மாசி. இப்போதே செடி நட்டுவிட்டால் கத்திரி வருவதற்குள் வேர் பிடித்துவிடும். மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது தொட்டித் தண்ணீர் 32, 33 வரை போகும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். ஹீட்டர் நமக்கு வேண்டாம், ஒரு சின்ன டேபிள் ஃபேன் வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பில் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீரும் வேகமாக வற்றும், ஆனால் அதிலிருக்கும் உப்பு வற்றாமல் தொட்டியிலேயே தங்கும். அதனால் வற்றிய அளவை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். கரண்ட் கட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். சாதா ஏர் பம்ப்பைத் தொட்டி மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் போடுங்கள். கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கி, பம்ப்பையும் நனைத்து, பிளக் பாயிண்ட் வரை வந்துவிடும்.

மீன் எடுக்கச் சாயங்காலம் வெயில் தாழ வாருங்கள். வழியில் எங்கும் வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டாம். வீட்டுக்குப் போனதும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, கவரை அப்படியே பதினைந்து நிமிடம் மிதக்க விடுங்கள். அப்புறம் கவரைத் திறந்து, தொட்டித் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளராகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அரை மணி நேரம் கழித்து வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அன்று தீனி வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. பாட்டி ஒரு முறை, பேரன் ஒரு முறை என்று போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் காட்டிவிட்டு அடுத்த நான்கு மீனை எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் காட்பாடி மீன் கடையார்