கேஸ் மாத்திரை உறையில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் மருந்தகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். மக்கள் ‘கேஸ் மாத்திரை’ என்று சொல்லும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளான பான்டோபிரசோல் 40 மில்லிகிராம் மாத்திரையும் ஒமிபிரசோல் 20 மில்லிகிராம் கேப்சூலும் மாதம் எவ்வளவு போகின்றன என்பது உங்கள் இருப்புப் பதிவேட்டிலேயே இருக்கிறது. வலி மாத்திரை எழுதினால் கூடவே ஒன்று, ஆன்டிபயாடிக் எழுதினால் கூடவே ஒன்று. எழுதுவதைப் பற்றி இப்போது பேச வரவில்லை. கொடுக்கும் விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முழங்கால் வலிக்கு மருந்து வாங்கிப் போகும் ஒரு பாட்டியின் காகித உறையைப் பிரித்துப் பாருங்கள். வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக், கால்சியம், பான்டோபிரசோல் மூன்றும் அட்டையிலிருந்து கத்தரித்த துண்டுகளாகக் கிடக்கும். பெயரும் காலாவதித் தேதியும் கத்தரியோடு போயிருக்கும். உறைமேல் பேனாவில் ‘1-0-1’ (காலை ஒன்று, இரவு ஒன்று) மட்டும். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்ற கட்டம் காலி. கேட்டால் “சீட்டுல இருக்கும் பாருங்க” என்பார்கள். சீட்டிலும் அதே 1-0-1. முழு அட்டையே கிடைத்தாலும் பொடி ஆங்கில எழுத்தில் ‘மருத்துவர் சொன்னபடி’ என்றுதான் இருக்கும். பாட்டி இட்லியைச் சாப்பிட்டு முடித்து, மூன்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவார். வேறென்ன செய்வார்?

டைக்ளோஃபெனாக்கைச் சாப்பிட்ட பின்தான் போட வேண்டும். பான்டோபிரசோல் அப்படியல்ல. இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் முழுமூச்சாக வேலை செய்யும். வேலை செய்யும் பம்பை மட்டுமே இந்த மருந்து பூட்டும். ரத்தத்தில் அது இருப்பதோ சில மணி நேரம்தான். ஆகவே காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு உள்ளே போக வேண்டும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் பிடிக்கும். அதை யாரும் சொல்வதில்லை என்பதால் முதல் நாளே ‘கேட்கவில்லை’ என்று இன்னொன்றையும் சேர்த்துப் போடுகிறார்கள். விழுங்க முடியாத முதியவருக்கு வீட்டில் நுணுக்கிக் கொடுக்கிறார்கள். மேல்பூச்சு இருப்பதே மருந்தை அமிலத்திடமிருந்து காப்பாற்றத்தான். நுணுக்கினால் குடலை எட்டும் முன்பே மருந்து சிதைந்துவிடும்.

அதனால் கேட்கிறோம்: எந்த நேரம், எப்படி விழுங்குவது, எந்தத் தேதி வரை. இந்த மூன்றையும் உறையில் தமிழில் எழுதுங்கள்.

மூன்றாவதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது. நெஞ்செரிச்சலுக்குப் பொதுவாக தினம் ஒரு வேளை, 4 முதல் 8 வாரம். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கு ஆன்டிபயாடிக்குகளோடு இரு வேளை, பெரும்பாலும் 14 நாள். கடைசித் தேதி சொல்லாததால் இது ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. வைட்டமின் பி12, மெக்னீசியம் குறைவதும் எலும்பு முறிவு அபாயம் கூடுவதும் நீங்கள் அறியாததல்ல. சிறுநீரகப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கையை மருந்தோடு வரும் தாளில் சேர்க்கச் சொல்லி 2019இலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அறிவுறுத்தியது. கத்தரித்த நான்கு மாத்திரையோடு எந்தத் தாள் வருகிறது? இந்த மருந்தோடு வாந்தியை அடக்கும் டோம்பெரிடோனும் கலந்த கேப்சூலை மருந்துக்கடையில் மாதக்கணக்கில் சீட்டே இல்லாமல் வாங்குகிறார்கள். இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது என்பதால் டோம்பெரிடோனைப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் சொன்னது. சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது, யார் பார்க்கிறார்கள்?

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டோம், மன்னிக்கவும். எல்லோருக்கும் நிறுத்தச் சொல்லவில்லை. இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கும், தினமும் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தேவைப்படும் முதியவர்களுக்கும் ‘தானாக நிறுத்தாதீர்கள், இந்தத் தேதியில் வந்து காட்டுங்கள்’ என்று எழுதுங்கள். பல மாதம் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கும், எரிச்சல் திரும்பும், மறுபடி மாத்திரைக்கே போவார். அவருக்கு 40 மில்லிகிராமை 20ஆகக் குறைத்து நிறுத்தும் வழியைச் சொல்லி அனுப்புங்கள்.

இதற்கு ஒரு ரப்பர் முத்திரை போதும்: ‘காலை, வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன். நுணுக்காமல், மெல்லாமல் முழுசாக விழுங்கவும். ……… தேதி வரை.’ அந்தப் புள்ளிக்கோட்டை மட்டும் கையால் நிரப்பித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்